எய் பெக்குவொட்: லாட்வியர் ஒருவர் காளான் பறிக்கப் போகச் சொன்னால் கோபப்பட வேண்டுமா?

டவுகவா_கரை

வணக்கம் மக்களே. நான் லாட்வியத் தலைநகர் ரீகாவில் வேலை பார்க்கிறேன். நிரந்தரக் குடியிருப்பு வேண்டுமென்றால் லாட்விய மொழியில் ஏ2 தேர்ச்சி கேட்கிறார்கள் என்பதால் மாலை வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். வகுப்பில் சொல்லித்தருவது ஓரளவு மண்டையில் ஏறிவிடுகிறது, ஆனால் அலுவலகத்தில் ஆட்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் கேட்டால் நான் படிப்பது இந்த மொழியைத்தானா என்று சந்தேகமே வந்துவிடுகிறது.

விஷயம் இதுதான். எங்கள் பிரிவில் ஒருத்தர் பக்கத்து மேசைக்காரரிடம் வெள்ளிக்கிழமை வேலை நேரத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று விடாமல் நச்சரித்துக்கொண்டிருந்தார். அவர் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே "எய் பெக்குவொட்!" என்று ஒரு போடு போட்டார். கேட்டவர் சிரித்துக்கொண்டே தன் இடத்துக்குத் திரும்பிவிட்டார். அகராதியைப் பார்த்தால் 'எய்' என்றால் போ, 'பெக்குவொட்' என்றால் பெக்கா என்கிற காட்டுக்காளானைப் பறிப்பது. வெளியே பனி கொட்டிக்கிடக்கிறது. பிப்ரவரி மாதத்தில் எந்தக் காட்டில் காளான் முளைக்கும்?

இது திட்டு என்பது புரிகிறது, ஆனால் எவ்வளவு காரமான திட்டு என்பது புரியவில்லை. நண்பர்களுக்குள் மட்டும் சொல்வதா, அல்லது யாரிடமும் சொல்லலாமா? இன்னொரு குழப்பமும் இருக்கிறது. நான் குடியிருக்கும் வீட்டுக்காரம்மா செப்டம்பரில் என்னைக் காளான் பறிக்க வரச்சொல்லிக் கூப்பிட்டார். எனக்கு அன்றைக்கு வேலை இருந்ததால் போகவில்லை. அவர் நிஜமாகத்தான் கூப்பிட்டாரா, இல்லை அதுவும் இந்த ரகமா என்று இப்போது யோசனையாக இருக்கிறது. திட்டுவதற்குக் காளான் எப்படி வந்தது என்று தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

பைன்மரத்தடி

தம்பி, முதலில் வீட்டுக்காரம்மா விஷயம். அவர் மனதாரத்தான் கூப்பிட்டிருக்கிறார். லாட்வியர் ஒருவர் தன்னோடு காளான் பறிக்க வரச்சொல்லிக் கூப்பிடுவது லேசான காரியம் இல்லை, ஏன் என்று பின்னால் சொல்கிறேன். வரும் ஆகஸ்ட் பிறந்ததும் நீங்களே போய்க் கேளுங்கள்.

இப்போது அந்தத் தொடர். அர்த்தம் என்று பார்த்தால் நம் 'போய் வேலையைப் பாரு' தான், அதே காரம், அதே உரிமை. 'தொல்லை பண்ணாதே', 'என்னால் முடியாது, நீ கிளம்பு', 'சும்மா கதை விடாதே' என்று மூன்று இடத்திலும் வரும். கெட்ட வார்த்தை இல்லை. பாட்டி பேரனிடம் சொல்வாள், மனைவி கணவனிடம் சொல்வாள், பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னால் மட்டும் கொஞ்சம் சுடும். ஆனால் 'எய்' என்பது ஒருமை ஏவல், 'நீ போ'. மரியாதையாகப் பேசவேண்டிய ஆளிடம், அதாவது 'யூஸ்' (நீங்கள்) போட்டுப் பேசும் மேலாளர், மருத்துவர், அரசு அலுவலகக்காரர் இவர்களிடம் இது எடுபடாது. 'எயியெட் பெக்குவொட்' என்று பன்மை ஆக்கினாலும் மரியாதை ஏறாது, ஒரு கூட்டத்தையே விரட்டுவது போலத்தான் ஒலிக்கும். உங்கள் அலுவலகத்தில் ஒருவரையொருவர் 'து' (நீ) என்று கூப்பிட்டுக்கொள்கிறவர்களுக்குள் தாராளமாகச் சொல்லலாம். நீங்கள் சொன்னால் அந்த மேசையே சந்தோஷப்படும், சந்தேகமே வேண்டாம்.

உச்சரிப்பு முக்கியம். லாட்வியத்தில் அழுத்தம் எப்போதும் முதல் அசையில்தான், விதிவிலக்கு மிகக் குறைவு. 'பெ' வை அழுத்துங்கள், அதில் வரும் ப 'பல்பு' என்பதில் வரும் ப. எழுத்தில் ஒ மாதிரி இருப்பது வாயில் 'உவொ' என்று உருளும், அதை மறக்கவேண்டாம்.

வீட்டுக்காரம்மா சொன்ன வார்த்தையை நினைவுபடுத்திப் பாருங்கள், அநேகமாக 'சேஞுவொட்' என்று சொல்லியிருப்பார். சேனே என்றால் பொதுவாகக் காளான், அதைப் பறிக்கப் போவது சேஞுவொட். பெக்கா என்பது காளானில் ஒரு சாதி, அதைப் பறிப்பது பெக்குவொட். பெர்ரி பறிக்கப் போவதற்குத் தனி வினை, கொட்டை பொறுக்கப் போவதற்குத் தனி வினை என்று ஒவ்வொன்றுக்கும் ஒற்றைச் சொல்லே வைத்திருக்கிறார்கள். அந்த அளவுக்குக் காடு அவர்கள் அன்றாடத்தில் கலந்துகிடக்கிறது. நாட்டின் நிலத்தில் பாதிக்கு மேல் காடுதான், இருக்கும் சனம் 19 லட்சத்தை ஒட்டி. ரீகாவில் பிறந்து வளர்ந்தவருக்குக்கூட எங்கேயாவது ஒரு தாத்தா வீடு, அதன் பின்னால் ஒரு காடு இருக்கும்.

நான் வாழ்க்கைப்பட்டது விட்ஸெமே பக்கத்து ஊர். என் மாமியார் காட்டுக்குள் நடப்பதைப் பார்க்கவேண்டும். வில்லோ குச்சியில் பின்னிய கூடை, முனையில் சின்னத் தூரிகை பொருத்திய மடக்குக் கத்தி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். ஒரு காளானைக் கண்டால் உடனே வெட்டமாட்டார், குனிந்து குடையின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்ப்பார். அடியில் தகடு தகடாகச் செவுள் இருந்தால் ஒரு குடும்பம், பஞ்சு மாதிரி மெத்தென்று சின்னச் சின்னத் துளையாக இருந்தால் பெக்கா. அப்புறம் தண்டை நெடுக்குவாட்டில் கீறி உள்ளே புழு ஓடியிருக்கிறதா என்று பார்ப்பார், தூரிகையால் மண்ணையும் பாசியையும் அங்கேயே தட்டிவிட்டுத்தான் கூடைக்குள் போடுவார். வீட்டுக்கு வந்தபிறகு கழுவினால் பஞ்சு தண்ணீரைக் குடித்துவிடும், வதக்கும்போது சொதசொதவென்று ஆகிவிடும் என்பார். பெக்காவிலேயே ஆஸ்பென் மரத்தடியில் வரும் செங்காவி நிறக் குடைக்கு அப்ஷு பெக்கா என்று பெயர், பிர்ச் மரத்தடியில் வரும் பழுப்புக் குடை பேர்ஸு பெக்கா, மேல்தோல் வழவழவென்று இருப்பது ஸ்வியெஸ்ட பெக்கா, அதாவது வெண்ணெய் பெக்கா. மரம் தெரிந்தால் காளான் தெரியும்.

இந்த வேலையில் பேச்சே இருக்காது. எல்லோரும் ஒரே வண்டியில் போய் இறங்குவோம், ஐந்து நிமிடத்தில் ஆளுக்கொரு திசையில் மறைந்துவிடுவார்கள். அவ்வப்போது ஒரு குரல் கொடுத்து யாரும் வழி தவறவில்லையே என்று சரிபார்த்துக்கொள்வதோடு சரி. அதனால்தான் 'போய் பெக்கா பறி' என்றால் 'கொஞ்ச நேரம் என் கண்ணில் படாமல் இரு' என்று ஆகிறது. ஆளை விரட்டும்போதுகூட அவர்களுக்கே பிடித்த இடத்துக்குத்தான் விரட்டுகிறார்கள் என்பது எனக்கு இந்த மொழியில் மிகவும் பிடித்த விஷயம்.

அழைப்பு ஏன் பெரிது என்றால், நல்ல காளான் கிடைக்கும் இடத்தை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. சொந்தத் தங்கைக்கே என் மாமியார் சொல்லமாட்டார். மருமகள் என்பதால் எனக்குக் காட்டினார், அதுவும் இரண்டு இடம்தான்.

சொல்வேட்டை

பைன்மரத்தடி சொன்னதில் பயன்பாடு பற்றிய பகுதி முழுக்கச் சரி. பிடித்த இடத்துக்கு அனுப்புகிறார்கள் என்பதில் மட்டும் நான் ஒத்துப்போக மாட்டேன்.

இதே வேலைக்கு லாட்வியத்தில் வேறு தொடர்களும் இருக்கின்றன. 'எய் டில்லேஸ்' என்பார்கள், சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'போ, டில் கீரைக்குள்'. 'எய் இயெஸ்க்ரியெனியெஸ்' என்பார்கள், அதாவது 'தூரம் போய் ஓடிவந்து வேகம் எடு'. டில் பாத்திக்குள் போய் நிற்பதற்கு யாருக்கும் ஆசை கிடையாது, காரணமில்லாமல் ஓடிவருவதற்கும் கிடையாது. இந்த மூன்றுக்கும் பொதுவாக இருப்பது என்ன? இங்கே இருக்காதே, அங்கே போய் எதையாவது செய், அது உப்புப்பெறாத வேலையாக இருந்தாலும் பரவாயில்லை. காடு புனிதமானது, அதனால் திட்டும் மென்மையாகிவிட்டது என்று நாம்தான் வெளியிலிருந்து பார்த்து அழகாக்கிக்கொள்கிறோம்.

இன்னொரு சாட்சி பெக்கா என்கிற சொல்லிலேயே இருக்கிறது. லாட்வியர்களுக்குக் காளானில் அரசன் பரவிக்கா. தடித்த வெள்ளைத் தண்டும் ரொட்டி நிறக் குடையுமாக இருக்கும். அது ஒன்று கிடைத்தால் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புவார்கள். கோடையில் வரும் மஞ்சள் கய்லெனேக்கும் தனி மரியாதை உண்டு. ரீகா மத்தியச் சந்தையில் ஜூலையில் பார்த்தால் அதைக் குவித்து வைத்து விற்பார்கள். பெக்கா அப்படி இல்லை. நல்ல உணவுதான், ஆனால் சாதாரணம், கூடையை நிரப்புவதற்கு ஆகும். யாரையும் 'போய்ப் பரவிக்கா பறி' என்று விரட்டியதாக நான் கேட்டதே இல்லை. அப்படிச் சொன்னால் அது வாழ்த்தாகிவிடும்! திட்டுக்குத் தேர்ந்தெடுத்திருப்பது இரண்டாம் வரிசைக் காளானை என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் ஒன்றை ஏற்றுக்கொள்கிறேன். லாட்வியத்தின் சொந்தத் திட்டுகள் மென்மையானவை. 'பிசாசு கொண்டுபோக' என்பதுதான் அதில் உச்சம். அதற்கு மேல் காரம் வேண்டியவர்கள் பெரும்பாலும் ரஷ்ய மொழிக்குத் தாவிவிடுகிறார்கள், ரீகா தெருவில் கொஞ்ச நேரம் நின்றாலே காதில் விழும். காளான், கீரை, ஓட்டம் என்று சொந்தச் சரக்கில் திட்டும்போது அது வீட்டுப் பேச்சாகவே இருக்கிறது.

பைன்மரத்தடி

இரண்டாம் வரிசைக் காளான் என்பது நல்ல பிடி, நான் அந்தக் கோணத்தில் யோசித்ததில்லை. ஆனால் புனிதம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லையே. பிடித்த இடம் என்றுதான் சொன்னேன், இரண்டும் வேறு.

பழைய லாட்விய நம்பிக்கையில் காட்டுக்கு ஒரு தாய் உண்டு, மெஜா மாத்தே. காற்றுக்கு ஒரு தாய், கடலுக்கு ஒரு தாய், காளானுக்கே சேஞு மாத்தே என்று ஒரு தாய். கிட்டத்தட்ட எதைத் தொட்டாலும் அதற்கு ஒரு அம்மா இருக்கிறாள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சோவியத் ஆட்சியை எதிர்த்தவர்கள் வருடக்கணக்கில் காட்டுக்குள்தான் பதுங்கியிருந்தார்கள், மெஜாப்ராலி, காட்டுச் சகோதரர்கள் என்று பெயர். 1949 மார்ச் 25 அன்று கிராமம் கிராமமாக ஆட்களைப் பிடித்து சைபீரியாவுக்கு ரயிலேற்றியபோது காட்டுக்குள் ஓடித் தப்பியவர்களும் உண்டு. என் மாமியார் வீட்டுப் பெரியவர்கள் காட்டைப் பற்றிப் பேசும்போது பயமே இருக்காது, அடுத்த அறையைப் பற்றிப் பேசுவது போலப் பேசுவார்கள். இதிலிருந்துதான் அந்தத் தொடர் பிறந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'காட்டுக்குப் போ' என்றால் 'ஒழிந்துபோ' என்று பொருள்படும் நாடுகளும் இருக்கும் அல்லவா, இங்கே அப்படி ஆகவில்லை, அது ஏன் என்பதற்கு இதெல்லாம் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

சைக்கிள்காரன்

நண்பா, மொழி பற்றி இவர்கள் இருவரும் சொல்லிவிட்டார்கள். நான் நிஜமாகவே பெக்கா பறிக்கப் போவதைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் ஒருமுறை போய்வந்தால் அந்தத் தொடர் மறக்காது. ரீகாவிலிருந்து சிகுல்டா பக்கமோ சவுல்க்ராஸ்டி பக்கமோ போகும் காலை ரயிலில் செப்டம்பர் சனிக்கிழமை ஏறிப் பார், பாதிப் பெட்டியில் கூடையும் வாளியும்தான் இருக்கும்.

அரசுக் காட்டில் யார் வேண்டுமானாலும் போய்ப் பறிக்கலாம், அனுமதிச் சீட்டோ கட்டணமோ கிடையாது, வெளிநாட்டவருக்கும் அதே உரிமைதான். தனியார் காடு என்றால் உரிமையாளர் பலகை வைத்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும், வைத்திருந்தால் திரும்பிவிடு. கவுயா, கெமெரி மாதிரித் தேசியப் பூங்காக்களில் பெரும்பகுதிக்குள் போகலாம், ஆனால் கடும் பாதுகாப்பு எல்லை என்று சில துண்டுகள் இருக்கும், அங்கே கால் வைக்கக்கூடாது.

உண்ணியை அலட்சியப்படுத்தாதே. லாட்வியாவில் உண்ணி வழியாக மூளைக்காய்ச்சலும் லைம் நோயும் பரவுகின்றன. மூளைக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி இருக்கிறது, மூன்று தவணை போட்டுக்கொண்டு அப்புறம் சில வருடத்துக்கு ஒருமுறை ஊக்கத் தவணை. லைமுக்கு அப்படி வழக்கமாகப் போடும் ஊசி எதுவும் இல்லை, அதனால் காட்டிலிருந்து வந்த அன்றைக்கே உடம்பு முழுக்கத் தேடிப் பார்ப்பது ஒன்றுதான் வழி. முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதுக்குப் பின்னால் எல்லாம் பார்க்க வேண்டும். காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள், வெளிர்நிறத் துணி போட்டால் ஊர்வது கண்ணுக்குத் தெரியும்.

விஷக்காளான் விஷயத்தில் இன்னும் கவனம். சிவப்புக் குடையில் வெள்ளைப் புள்ளி வைத்த முஷ்மிரேயைக் குழந்தைகூட அடையாளம் காணும். ஆளைக் கொல்வது அதன் உறவுக்காரன், பச்சை முஷ்மிரே. மங்கிய பச்சைக் குடை, அடியில் வெள்ளைச் செவுள், தண்டில் ஒரு வளையம், மண்ணுக்குள் உறை மாதிரி ஒரு கிண்ணம். தின்றதும் ஒன்றும் தெரியாது, பல மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும், அதற்குள் விஷம் ஈரலில் வேலையை ஆரம்பித்திருக்கும். நடுவில் உடம்பு தேறிவிட்டது போலத் தெரியும், அதை நம்பி மருத்துவமனைக்குப் போகாமல் இருந்தவர்கள் செத்திருக்கிறார்கள். புதிதாகக் கற்பவர்களுக்குப் பெக்காவில் தொடங்கச் சொல்வது இதனால்தான். முஷ்மிரே வகை எல்லாமே செவுள் உள்ளவை, பெக்காவுக்குப் பஞ்சு. பைன்மரத்தடியின் மாமியார் முதலில் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்ப்பதும் அதற்காகத்தான்.

பஞ்சு இருந்தால் எல்லாம் நல்லது என்றும் நினைத்துவிடாதே. ஜுல்ட்ஸ் பெக்கா, பித்த பெக்கா என்று ஒன்று உண்டு. பார்க்க இளம் பரவிக்கா மாதிரியே இருக்கும். பஞ்சு லேசாக ரோஸ் நிறமும் தண்டில் கறுத்த வலைப்பின்னலும் இருந்தால் அதுதான். கொல்லாது, ஆனால் ஒன்றே ஒன்று சட்டியில் விழுந்தாலும் மொத்தமும் கசந்துபோகும், வேகவைத்தாலும் அந்தக் கசப்பு போகாது. தனியாகப் போகாதே, தெரிந்தவரோடு போ. ரீகாவில் இயற்கை அருங்காட்சியகத்தில் வருடா வருடம் இலையுதிர்காலத்தில் காளான் கண்காட்சி வைப்பார்கள். காட்டிலிருந்து பறித்துவந்த நிஜக் காளான்களையே பெயரோடு, எது உண்ணலாம் எது கூடாது என்று குறித்து அடுக்கியிருப்பார்கள். அதை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் போனால் கண் பழகிவிடும்.

டவுகவா_கரை

இவ்வளவு விவரமாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. அக்கா, நீங்கள் சொன்னதுபோலவே அவர் சொன்ன வார்த்தை சேஞுவொட் தான், என் குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்தேன், அப்போது அர்த்தம் பார்க்கவில்லை. தடுப்பூசிக்கு இந்த வாரமே நேரம் வாங்கிவிட்டேன், மே மாதத்துக்குள் இரண்டு தவணை முடிந்துவிடும் என்றார்கள்.

இன்னும் இரண்டு தொடர் காதில் விழுந்தது, அதையும் கேட்டுவிடுகிறேன். தொலைக்காட்சியில் அரசியல்வாதி ஒருவர் பேசிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரம்மா 'பூஷ் பீலீட்டெஸ்' என்றார். பீலே என்றால் வாத்து என்பது வரைக்கும் தெரியும். இன்னொன்று, வகுப்பில் ஆசிரியை பாட்டுப் பாடச் சொன்னபோது ஒரு பையன் தன் காதில் கரடி ஏறிவிட்டது என்றான், எல்லோரும் சிரித்தார்கள். அவனைப் பாடவே விடவில்லை. இதற்கும் காட்டுக்கும் சம்பந்தம் உண்டா?

சொல்வேட்டை

பூஸ்ட் பீலீட்டெஸ் என்றால் வாத்துக்குஞ்சு ஊதுவது. பொய்யோ அரைப்பொய்யோ வாய்க்கு வந்தபடி அளந்துவிடுவதைச் சொல்வார்கள். நம்மிடம் ரீல் விடுவது, கதை விடுவது என்பதெல்லாம் இந்த இடத்தில் பொருந்தும். அரசியல்வாதி பேசும்போது சொன்னார் என்றால் இடம் அறிந்துதான் சொல்லியிருக்கிறார். நண்பர் நம்பமுடியாத எதையாவது சொன்னால் 'நெபூட் பீலீட்டெஸ்' என்று தடுக்கலாம், ஊதாதே என்று அர்த்தம். எய் பெக்குவொட்டை விட இதற்குக் காரம் குறைவு, ஆனால் முகத்துக்கு நேரே பொய்யன் என்று சொல்வது மாதிரி என்பதால் புதிதாகப் பழகியவரிடம் வேண்டாம்.

காதில் கரடி என்பது ஏறுவது இல்லை, மிதிப்பது. 'லாட்சிஸ் அவ்சீ உஸ்காபிஸ்', கரடி காதை மிதித்துவிட்டது, அதாவது சுருதி சேராது, பாட்டு வராது. இது லாட்வியர்களுக்கு மட்டும் சொந்தமில்லை, ரஷ்யர்களும் லித்துவேனியர்களும் சொல்வார்கள், போலந்துக்காரர்களிடம் மிதிப்பது யானை. ஆனால் லாட்வியாவில் இதன் கனம் வேறு. பாட்டு விழா என்று ஒன்று ரீகாவில் 1873இல் தொடங்கியது, இப்போது ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நடக்கிறது, மெஜபார்க்ஸ் திறந்தவெளி மேடையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே குழுவாக நின்று பாடுவார்கள். 2023இல் 150ஆம் ஆண்டு விழாவாக நடந்தது. 80களின் கடைசியில் சோவியத்திலிருந்து விடுபட நடந்த போராட்டத்துக்கே பாடும் புரட்சி என்றுதான் பெயர். பள்ளிக்கூடம், அலுவலகம், ஊர் என்று எங்கே பார்த்தாலும் ஒரு பாட்டுக்குழு இருக்கும் நாட்டில் 'எனக்குப் பாட்டு வராது' என்று சொல்வதற்கு ஒரு காரணம் வேண்டியிருக்கிறது, பழியைக் கரடி மேல் போட்டுவிடுகிறார்கள். அந்தப் பையனைப் பாட விட்டிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, மிதிபட்ட காதுக்காரர்களும் அங்கே கூட்டத்தோடு கூட்டமாகப் பாடத்தான் செய்கிறார்கள்.

பைன்மரத்தடி

கரடி பற்றி எனக்கும் அதே எண்ணம்தான். என் கணவரும் மிதிபட்ட காதுக்காரர், பாட்டு விழாவில் மேடையில் நிற்கும் தங்கைக்காகக் கூட்டத்தில் நின்று தொண்டை கட்டும்வரை பாடுவார்.

தம்பி, வீட்டுக்காரம்மாவோடு போய்ப் பெக்கா கொண்டுவந்தால் சமைப்பது எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர் கட்டாயம் உங்களையே வெட்டச் சொல்வார். வெங்காயத்தை வெண்ணெயில் வதக்கி, பெக்காவைத் துண்டு போட்டுச் சேர்த்து, அதன் தண்ணீர் வற்றும்வரை கிளற வேண்டும், இதில் அவசரப்படக்கூடாது. சில பெக்கா வெட்டியதும் நீலமாகவோ கறுப்பாகவோ நிறம் மாறும், பயப்பட வேண்டாம், அது அதன் சுபாவம். கடைசியில் கிரீம் ஊற்றி உப்பு போட்டு, மேலே டில் தூவி, அவித்த உருளைக்கிழங்கோடு தருவார்கள். மீந்ததைக் காயவைத்தோ ஊறுகாய் போட்டோ குளிர்காலத்துக்கு வைப்பார்கள். ஊறுகாய் ஜாடியில் எந்தக் காடு, எந்த வருடம் என்று ஒட்டியிருப்பார்கள், காட்டின் பெயரைப் பெரும்பாலும் சுருக்கெழுத்தில்!

டவுகவா_கரை

கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். யாராவது என்னைப் பார்த்தே எய் பெக்குவொட் என்றால் சும்மா சிரித்துவிட்டு வருவதா, அல்லது பதில் ஏதாவது சொல்வார்களா?

பைன்மரத்தடி

சொல்வார்களே. சொன்னவர் ஆண் என்றால் 'பட்ஸ் எய்', பெண் என்றால் 'பட்டி எய்'. நீயே போ என்று அர்த்தம். சிரித்த முகத்தோடு சொல்லுங்கள், முதல் அசையை அழுத்திச் சொல்லுங்கள். அதற்குமேல் அவர் ஒன்றும் பேசமாட்டார், ஆனால் வெள்ளிக்கிழமை வேலை நேரத்தை மாற்றிக்கொடுப்பாரா என்பது வேறு விஷயம்.